செஞ்சிப் பாறைகளை எந்த எரிமலையும் எறியவில்லை

செஞ்சிக் கோட்டையைச் சுற்றிக் குவிந்து கிடக்கும் உருண்டைப் பாறைகள் எரிமலை வெடித்துத் தூக்கி எறிந்தவை என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியில்லைங்க. அவை கிரானைட். எரிமலைக் குழம்பு வெளியே வந்து சட்டென ஆறினால் தக்காணத்தில் இருப்பது போலக் கண்ணுக்குத் தெரியாத பொடி மணிகளாலான பசால்ட் என்ற எரிமலைப் பாறைதான் கிடைக்கும். செஞ்சிக் கல்லிலோ படிகங்கள் வெறும் கண்ணுக்கே தெரிகின்றன, அதாவது பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் மெதுவாக இறுகிய பாறை, வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு.

மேலே இருந்த பாறையெல்லாம் அரித்துப் போனதும் பாரம் குறைந்து இதில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விட்டது. அந்த விரிசல்களில் இறங்கிய தண்ணீர், கிரானைட்டில் உள்ள ஃபெல்ஸ்பார் கனிமத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களிமண்ணாக்கியது. பாறைத் துண்டின் மூலைகளுக்கு மூன்று பக்கமும் அடி, அதனால் அவைதான் முதலில் உதிரும், மிச்சம் உருண்டையாகிவிடும். அப்புறம் மழை மண்ணைக் கழுவிக்கொண்டு போக, யாரோ அடுக்கி வைத்தது மாதிரி கற்கள் மட்டும் நிற்கின்றன. பெரும்பாலான கற்கள் இருந்த இடத்தைவிட்டு அதிகம் நகரக்கூட இல்லை. (சில சரிந்து உருண்டிருக்கும், அது வேறு.)

நம்பாவிட்டால், கிரானைட் பகுதியில் சாலைக்காக வெட்டிய மேட்டைப் பாருங்கள், செம்மண்ணுக்குள் பாதி உருவான உருண்டைகள் பதிந்திருப்பதைச் சில இடங்களில் காணலாம். ஹம்பியிலும் இதே கதைதான்.