50 ஜிபி வாங்கினால் தளம் முடங்காதா?

"50 ஜிபி ஹோஸ்டிங் (இணையத்தளத்தை வைத்து இயக்க வாடகைக்கு எடுக்கும் சேவை) எடுத்தால் எத்தனை பேர் வந்தாலும் தளம் தாங்கும்" என்று கொழும்பு வெள்ளவத்தைக் கடைக்காரர்களிடையே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அந்த 50 ஜிபி கோப்புகளை வைக்கும் இடம் மட்டுமே. தளத்திலிருந்து பார்ப்பவர்களின் போனுக்குப் போகும் தரவு தனிக் கணக்கு. திட்டங்களில் பேண்ட்வித் என்று போட்டிருப்பது அதைத்தான். ஒரு சாறிக் கடையை எடுத்துக்கொள்வோம். படங்களோடு ஒரு பக்கம் 3 எம்பி. தீபாவளி மாதத்தில் அது 20,000 தடவை திறக்கப்பட்டால் 60 ஜிபி போய்விடும். தளத்திலுள்ள மொத்தக் கோப்புகளோ 1 ஜிபிகூட இராது!

சரி, 'அன்லிமிடெட்' திட்டம்? அதன் விதிமுறைகளைக் கட்டாயம் வாசியுங்கள். செயலி (சிபியு), நினைவகம் (ரேம்), கோப்புகளின் எண்ணிக்கை ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் வரம்பு இருக்கும்.

பெரிய திட்டத்துக்குப் பணம் கட்டுமுன், போனில் எடுத்த 4 எம்பி படத்தை 200 கேபிக்குச் சுருக்கி ஏற்றிப் பாருங்கள். அதே படத்துக்கு இருபதில் ஒரு பங்கு தரவுதான் போகும்.