அம்மா கேட்டது தண்ணீரைப் பற்றி

எலப்புள்ளி எத்தனால் (பெட்ரோலில் கலக்கும் எரிசாராயம்) ஆலை பற்றிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் காணொலியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். நான் அங்கேதான் இருந்தேன். "ஆலைக்குத் தண்ணீர் எங்கிருந்து எடுப்பீர்கள்?" என்று எழுந்து கேட்டவர் என் அம்மா. "இது உயிரி ஆற்றல், பசுமைத் தொழில். உங்களுக்குப் புரியாதம்மா" என்று மேடையிலிருந்து பதில் வந்தது. சிலர் சிரித்தார்கள். அம்மா உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவுக்கா புரியாது? பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் 1986இல் கோபர் கேஸ் (சாண எரிவாயு) கலன் கட்டினோம். பதினெட்டு ஆண்டுகள் அதை நடத்தியவர் அவர். நான்கு மாடுகள், தினமும் ஐம்பது கிலோ சாணம். தொழுவம் கழுவிய தண்ணீரை அதே அளவுக்கு ஊற்றி, வைக்கோல் துரும்பைக் கையால் பொறுக்கி எறிந்துவிட்டுக் கரைப்பார். துரும்பு உள்ளே போனால் குழம்பின் மேல் ஆடை கட்டிக்கொள்ளும், வாயு மேலே வராது. காற்றுப் புகாத அந்தக் குழிக்குள் நுண்ணுயிர்கள் சாணத்தைச் செரித்து மீத்தேனை வெளிவிட, இரும்பு மூடி மெல்ல எழும். மூடியின் உயரத்தைப் பார்த்துத்தான் அன்றைய சமையலையே முடிவு செய்வார். மார்கழிக் குளிரில் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும், நாங்கள் விறகுக்குத் திரும்புவோம். வெளியேறும் குழம்பு தென்னைக்கு உரம். பயிரும் மாடும் தந்ததை எரித்து ஆற்றல் எடுப்பதுதானே உயிரி ஆற்றல்? விறகும் சிரட்டையும் கரும்புச் சக்கையும் எத்தனாலும் எல்லாம் அந்த வகைதான்.

அந்தக் கலன் ஏன் நின்றது தெரியுமா? 2004 வறட்சியில் கிணறு வற்றியது. தீவனம் இல்லை, மாடுகளை விற்றோம். சாணம் இல்லாமல் மூடி துருப்பிடித்தது. தண்ணீர் போனதும் எல்லாம் போயிற்று. அதனால்தான் அம்மா தண்ணீரைப் பற்றிக் கேட்டார்.

எலப்புள்ளி ஆலைக்கு 2025 ஜனவரியில் கேரள அமைச்சரவை முதற்கட்ட அனுமதி கொடுத்ததிலிருந்து இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். உடனே என்னை வளர்ச்சிக்கு எதிரி என்கிறார்கள். நான் எத்தனாலுக்கு எதிரி இல்லை. எரிக்கும்போது வெளியேறும் கரியமில வாயுவைப் பயிர் முன்பே காற்றிலிருந்துதான் எடுத்தது என்பது உண்மை. ஆனால் அந்தப் பயிருக்குப் போட்ட உரமும், இறைத்த மோட்டாரும், ஏற்றி வந்த லாரியும் அந்தக் கணக்கில் வர வேண்டாமா? கரும்பிலிருந்து வரும் ஒரு லிட்டர் எத்தனாலுக்குச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் என்று மத்திய அரசின் கொள்கைக் குழுவான நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற இலக்கை 2030இலிருந்து 2025-26க்கு முன்னால் கொண்டுவந்தார்கள். கிணறுகள் அந்த வேகத்தில் ஊறுவதில்லை.

எத்தனால் ஆலைகள் வாங்குவதால் மக்காச்சோளத்துக்கு நல்ல விலை கிடைக்கிறதே என்று உடுமலைப் பக்கத்து நண்பர் கேட்டார். கிடைக்கட்டும், விவசாயிக்கு மகிழ்ச்சிதான். வேலைவாய்ப்பு என்கிறீர்களா? குளிர்பான ஆலை வந்தபோது பிளாச்சிமடையிலும் அதைத்தான் சொன்னார்கள்.

பிளாச்சிமடை எங்களுக்குப் பாடப்புத்தகத்தில் படித்த ஊர் இல்லை. என் அத்தை வீடு அந்தப் பக்கம்தான். 2000இல் குளிர்பான ஆலை வந்த பிறகு அத்தை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சோறு பொங்கினால் மாலைக்குள் ஊசிப்போகும். இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு அவர் வேலிக்கு அப்பால் நடந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். மயிலம்மாவைப் போன்ற ஆதிவாசிப் பெண்கள் 2002இல் போராட உட்கார்ந்தார்கள். 2004இல் ஆலை மூடியது. அவர்களுக்கும் அன்று 'புரியாது' என்றுதான் சொன்னார்கள். தமிழ்நாட்டு ஆழியாற்றுத் தண்ணீர் மூலத்தறைத் தடுப்பணைக்கு ஒழுங்காக வராத ஆண்டுகளில் எங்கள் சித்தூர்த் தாலுகா படும் பாட்டை மேடையில் இருந்தவர்கள் பார்த்ததுண்டா?

'நீயும் பெட்ரோல் வண்டியில்தானே போகிறாய்?' என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: ஆம், போகிறேன். அதனால் என் அம்மா வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? வீணாகும் சாணத்திலும் சந்தைக் கழிவிலும் எரிவாயு எடுங்கள், நானே வந்து குழி வெட்டுகிறேன். குடிக்கும் தண்ணீரைக் கேட்டால் மட்டும் கணக்கைக் காட்டுங்கள். எத்தனை லிட்டர், எந்த ஆற்றிலிருந்து, கோடையில் எங்கிருந்து? இந்த மூன்று கேள்விகளுக்குக்கூட அன்று பதில் இல்லை.

மறுநாள் காலை காப்பி கொடுக்கும்போது அம்மா கேட்டார்: "நான் உட்கார்ந்த பிறகாவது அந்தத் தம்பி தண்ணீர்க் கணக்குச் சொன்னாரா?"

"இல்லையம்மா" என்றேன்.