யோபு மூன்றாம் அதிகாரத்தை யாரும் வாசிப்பதில்லை

துக்க வீட்டு ஜெபங்களில் வேதாகமத்தின் யோபு புத்தகத்திலிருந்து ஒரு வசனம் தவறாமல் வந்துவிடும். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்." பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த தகப்பன் யோபு சொன்னது. அந்தக் கனத்தை நான் குறைக்க மாட்டேன். ஆனால் அதே தகப்பன் மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். கர்ப்பத்திலேயே ஏன் சாகாமல் போனேன் என்று கேட்கிறார். அங்கே தொடங்கி 31ஆம் அதிகாரம் வரை தேவனோடு விடாமல் வழக்காடுகிறார். இந்த யோபுவை மட்டும் நாம் எந்தத் துக்க வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போவதில்லை.

ஏன் பிறந்தோம், ஏன் இவ்வளவு வலி, செத்தபின் என்ன என்று ஒருவன் உண்மையாகத் தேடிக்கொண்டு சபைக்குள் வந்தால், அவனுக்கு நாம் கொடுப்பது பெரும்பாலும் அவசரமான பதில். பதில் சொல்லி முடித்தால் நமக்கு நிம்மதி. கேட்டவனுக்கு என்ன ஆனது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. இது எனக்கு நெடுநாள் ஆதங்கம். கிறிஸ்தவ விசுவாசம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தருகிறது என்று முழு மனதோடு நம்புகிறவன் நான். அதனால்தான் இந்த அவசரம் என்னை இவ்வளவு வாட்டுகிறது.

ஒரு தாயைச் சொல்கிறேன். கல்லூரி முடிக்கப்போகிற மகன் விபத்தில் போய்விட்டான். அவனுடைய சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, காலரில் பிரிந்திருந்த ஒரு நூலை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக உட்கார்ந்திருந்தார். வந்த ஒருவர் குனிந்து, "கர்த்தருக்கு அவன்மேல பிரியம் அதிகம்மா, அதான் சீக்கிரம் கூப்பிட்டுக்கிட்டார்" என்றார். அந்த அம்மா நிமிர்ந்து, "அப்ப எனக்குப் பிரியம் இல்லையா?" என்று கேட்டார். அறையில் ஒருவரிடமும் வசனம் இல்லை. சற்று நேரம் கழித்து இன்னொருவர், வீட்டில் குடும்ப ஜெபம் எப்படி இருந்தது என்று மெதுவாக விசாரிக்க ஆரம்பித்தார். அதை இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது.

யோபுவின் நண்பர்கள் செய்ததும் இதுவே. வந்தவுடன் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான். பிறகு வாயைத் திறந்தார்கள். தேவன் நீதியுள்ளவர், பாவம் செய்தவன் துன்பப்படுவான், ஆகவே யோபு ஏதோ செய்திருக்க வேண்டும். கேட்பதற்குப் பக்தியான பேச்சு. முடிவில் தேவன் அந்த நண்பர்களில் ஒருவரான எலிப்பாசைப் பார்த்து, "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்கிறார். சண்டை போட்டவர் பேசியது நிதானம்! தேவனுக்காக வக்காலத்து வாங்கியவர்கள்மேல் அவருக்குக் கோபம் மூண்டது.

இந்தக் கணக்கை இயேசுவும் ஒரேயடியாக மறுத்தார். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் மற்ற எல்லாரையும்விடப் பாவிகளா என்று கேட்டு, அப்படியல்ல என்றார். அதற்குப்பிறகும் நமக்குப் புத்தி வரவில்லை. 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள் காலையில் லிஸ்பனைப் பூகம்பம் உலுக்கியது. ஆராதனையில் இருந்தவர்கள்மேல் ஆலயங்களே இடிந்து விழுந்தன. அப்போதும் இது பாவத்துக்கு வந்த தண்டனை என்று பிரசங்கித்தவர்கள் இருந்தார்கள்.

சரி, யோபுவுக்குத் தேவன் என்ன பதில் சொன்னார்? "நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்?" என்று தொடங்கி விடியற்கால நட்சத்திரங்கள், உறைந்த மழை, காட்டுக்கழுதை, லிவியாதான் என்னும் பயங்கர மிருகம் என்று நான்கு அதிகாரங்கள். ஏன் என்ற கேள்விக்கு ஒரு வரிகூட இல்லை. யோபுவைச் சோதிக்கும்படி புத்தகத்தின் தொடக்கத்தில் தேவனுக்கும் சாத்தானுக்கும் நடந்த உரையாடலைப் பற்றி யோபுவுக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது. நம்பிக்கையில்லாத நண்பர்கள் இதை மழுப்பல் என்பார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அத்தனை நாள் விட்டுக்கொடுக்காமல் வாதாடிய மனிதர், "என் காதினால் உம்மைக்குறித்துக் கேள்விப்பட்டேன், இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது" என்று சொல்லி அடங்குகிறார். கேட்ட விளக்கம் கிடைக்கவில்லை. தேவனே வந்தார். அது அவருக்குப் போதுமாயிருந்தது.

யோவான் 11ஐ வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இது இன்னும் விளங்குகிறது. லாசரு செத்து நாலு நாள். மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே வந்து ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள்: ஆண்டவரே, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரிக்கமாட்டான். மார்த்தாளுக்கு உயிர்த்தெழுதலைப் பற்றிய போதனை கிடைக்கிறது. மரியாளுக்கு இயேசுவின் கண்ணீர் கிடைக்கிறது. இன்னும் சிறிது நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறவர், அவசரப்பட்டு அந்தச் செய்தியைச் சொல்லி அவள் அழுகையை நிறுத்தவில்லை. கூட அழுதார்.

அதன்பின் சிலுவை. "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. நாம் வாலிபப் பிள்ளைகளிடம் கேட்கக்கூடாது என்று சொல்கிற அதே 'ஏன்', தேவகுமாரன் வாயிலிருந்து வருகிறது. ஹிட்லரை எதிர்த்துச் சிறையில் கிடந்த போதகர் டீட்ரிச் போன்ஹாஃபர், பாடுபடுகிற தேவனால் மட்டுமே நமக்கு உதவ முடியும் என்று 1944இல் எழுதினார். மறுவருடம் ஏப்ரல் 9ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள். இடிந்துபோன நேரங்களில் என்னைத் தாங்கியது இந்த தேவன்தான்.

கூட அழுகிற தேவன் மட்டும் என்றால் நம்பிக்கைக்கு வழியில்லை. அதில் பவுல் சமரசமே செய்யவில்லை: கிறிஸ்து எழுந்திராவிட்டால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா. மரணத்துக்கு அப்பால் என்ன என்ற கேள்விக்கு என் பதில் முழுவதும் அந்தக் கல்லறைமேல்தான் நிற்கிறது. எழுந்தவர் உடம்பில் ஆணித் தழும்புகள் அப்படியே இருந்தன என்பதையும் நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. பட்ட காயத்தை இல்லாததுபோல் துடைத்துவிடுகிற மகிமை அல்ல அது.

அந்தத் தழும்பைப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று சொன்ன தோமாவை மற்றச் சீஷர்கள் வெளியே தள்ளவில்லை. எட்டு நாள் கழித்தும் அவன் அவர்களோடுதான் இருந்தான். இயேசு வந்தபோது அவன் கேட்டதையே நீட்டினார். போதகர்களே, வாலிபர் கூட்டம் நடத்துகிற அண்ணன்மாரே, அக்காமாரே, கேள்வி கேட்கிற பிள்ளையை அவிசுவாசி என்றோ, பிசாசு பேசவைக்கிறான் என்றோ தயவுசெய்து சொல்லாதீர்கள். உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, அவனோடு கூடவே இருங்கள்.

எங்கள் வாலிபர் கூட்டத்தில் அடுத்தமுறை 88ஆம் சங்கீதத்தை வாசிக்கலாம் என்று கேட்டிருக்கிறேன். கடைசி வசனம்வரை ஆறுதலே இல்லாத சங்கீதம் அது. முடிந்ததும் வேறு வசனம் எதையும் ஒட்டவைக்காமல், பிள்ளைகளைப் பேசவிடப்போகிறோம். உங்கள் சபையிலும் செய்துபாருங்கள். பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.