ஜோக்கர் மட்டும்தானா காரணம்?

பேட்மேன் படமான 'தி டார்க் நைட்' இன்றும் பேசப்படுவதற்கு, அதில் வில்லன் ஜோக்கராக வந்த ஹீத் லெட்ஜரின் நடிப்பு ஒன்றே காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் ஒத்துக்கொள்ள முடிகிறது. 2008 ஜூலையில் படம் வருவதற்குள், அந்த ஜனவரியிலேயே அவர் இறந்துவிட்டார். மறு ஆண்டு ஆஸ்கர் வந்தது. அந்தச் சோகமும் படத்தைத் தூக்கிப் பிடித்தது உண்மைதான்.

ஆனால் என்னை இழுத்தது திரைக்கதை. ஜோக்கர் தன் வாய்த் தழும்புக்கு ஒருவரிடம் ஒரு கதை சொல்வான், பேட்மேன் நேசிக்கும் ரேச்சலிடம் வேறு கதை விடுவான். எது நிஜம் என்று படம் கடைசிவரை சொல்லாது. நம்ம ஊர் வில்லனாக இருந்தால் பத்து நிமிட ஃபிளாஷ்பேக் ஓடியிருக்கும்! விசாரணை அறையில் பேட்மேன் அடிக்க அடிக்க அவன் சிரிக்கிறான். பயமே இல்லாதவனிடம் முஷ்டி என்ன செய்யும்? ரேச்சலைக் காப்பாற்றக் கிளம்பிய பேட்மேன் போய்ச் சேர்வதோ அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்ட் இருக்கும் இடத்துக்கு. இருவரையும் தனித்தனி இடத்தில் அடைத்துவைத்து, முகவரியை மாற்றிச் சொல்லியிருக்கிறான் ஜோக்கர் பாவி. ஒரு சூப்பர்ஹீரோ இப்படித் தோற்றதை அதுவரை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. வங்கிக் கொள்ளை, காவலர் அணிவகுப்பில் துப்பாக்கிச் சூடு, மருத்துவமனை வெடிப்பு எல்லாமே பட்டப்பகலில் நடக்கின்றன. இருண்ட படம் எடுக்கிறோம் என்று திரையையே கறுப்பாக்கிவிடும் இயக்குநர்கள் இதைக் கவனிக்கலாம்.

இரண்டு படகுகளில் குண்டு வைத்து, ஒன்றை வெடிக்கும் விசையை மற்றதில் இருப்பவர்களிடம் ஜோக்கர் கொடுக்கும் காட்சி மட்டும் கொஞ்சம் செயற்கை. பேட்மேனின் அந்தக் கரகரக் குரலுக்கு இப்போதும் சிரிப்புதான் வருகிறது.