அந்தப் பொண்ணு யாருன்னு கேக்காதீங்க

எங்கள் டெல்டாவில் ஓர் அக்கா இருக்கிறார். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்பிள்ளைகளோடு ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, கோர்ட் என்று கூடவே அலைகிறவர். அவர் பேரையோ ஊரையோ எழுத மாட்டேன். எழுதினால், அவர் எந்தெந்த வீட்டுக்குப் போய்வந்தார் என்று சனங்கள் கணக்குப் போட்டுவிடும்.

போன குறுவை அறுப்பு சமயம் அவரோடு மன்னார்குடி பஸ்ஸில் போனேன். பின் சீட்டிலிருந்த அம்மா ஒருத்தர் குனிந்து, "அந்தப் புள்ள எந்தத் தெருவும்மா, யாரு வூட்டுப் பொண்ணு?" என்றார். "தெரிஞ்சு என்னம்மா செய்யப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த அம்மா கெட்டவரில்லை, பரிதாபப்பட்டுத்தான் கேட்டார். எனக்கு உறுத்துவதும் அதுதான். அந்தப் பரிதாபம் சாயங்காலத்துக்குள் டீக்கடைக்குப் போகும், மறுநாள் அவள் வகுப்பறைக்கே போகும். அதன்பிறகு அவள் எப்படிப் பள்ளிக்கூடம் போவாள்?

பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டம் இதை யோசித்திருக்கிறது. பேர், படம், வீடு, பள்ளி எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. வாக்குமூலம் வாங்க வரும் போலீஸ் சீருடையில் வரக் கூடாது. பிள்ளை எங்கே பேச விரும்புகிறாளோ அங்கேதான் கேட்க வேண்டும். ராத்திரியில் அவளை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. வழக்கு முடியும்வரை துணைக்கு ஒருவரைக் குழந்தைகள் நலக் குழு அமர்த்தலாம். இதெல்லாம் பெற்றவர்களுக்கே தெரிவதில்லை. அக்கா ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, அழுகை அடங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் இதைச் சொல்ல ஆரம்பிப்பார்.

அதற்குள் ஊர்ப் பெரியவர்கள் முந்திக்கொள்வார்கள். "பேசி முடிச்சிக்கலாம்", "அவனுக்கே கட்டி வெச்சுடலாம்". பதினஞ்சு வயசுப் பிள்ளையை, அவளைச் சிதைத்தவனுக்கே! இதைச் சமாதானம் என்று சொல்ல எப்படி வாய் வருகிறது? தெரிந்தும் புகார் கொடுக்காமல் மறைப்பதே தண்டனைக்குரிய குற்றம். பஞ்சாயத்தில் உட்காருகிற ஒவ்வொருவருக்கும் இது பொருந்தும்.

பெண்பிள்ளைகளைக் கோயிலுக்குத் தேவதாசியாக நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேசியது இந்த மண்ணில்தான். 1947-இல் அதற்கு எதிராகச் சட்டமும் வந்தது. அம்மையார் பேரிலுள்ள உயர்கல்வித் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வாங்கிக்கொண்டு, அக்கா துணை நின்ற ஒரு பெண் இப்போது காலேஜ் படிக்கிறாள். அவள் யார் என்று எனக்கும் தெரியாது. அக்காவிடம் நான் கேட்கவில்லை.

உங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று பட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் போடுங்கள். ராத்திரி எத்தனை மணியானாலும் எடுப்பார்கள்.