இரண்டு பஸ் ஒன்றாக வரும், அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றுமே வராது

காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குப் போகிறவர் யாரும் பஸ்ஸை நினைத்துக் கவலைப்படுவதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குள் கால் வைத்ததுமே கூவிக் கூப்பிட்டு ஏற்றிக்கொள்வார்கள். திருப்பத்தூர், மதுரை, புதுக்கோட்டை, திருச்சி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆனால் மெயின் ரோட்டை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிற ஊர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். "காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு, நடுவுல வந்தா உண்டு" என்பார்கள். எங்கள் ஊரும் அப்படிப்பட்ட ஊர்தான், பள்ளத்தூர் பக்கம்.

செட்டிநாட்டில் பஸ் குறைவு என்று பொதுவாகச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அரசு பஸ் இருக்கிறது, தனியார் பஸ் இருக்கிறது, மினி பஸ் இருக்கிறது. எல்லாம் ஒரே ரோட்டில், ஒரே நேரத்தில் ஓடுகின்றன. போட்டி என்றால் பயணிக்கு நல்லது என்று பொதுவாக ஒரு நம்பிக்கை உண்டு. எங்கள் பக்கம் நடக்கிற போட்டி நேரத்துக்கான போட்டி. முன்னால் போகிற வண்டிக்கு மூன்று நிமிடம் முன்னால் போய்விட்டால் அவன் கூட்டம் இவனுக்கு, அவ்வளவுதான் கணக்கு. இதில் பயணிக்கு என்ன கிடைத்தது?

காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதுக்குள், மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கில் வந்து நின்று பார்த்தால் தெரியும். முந்தைய நிறுத்தத்தில் ஒரு தனியார் வண்டி கிளம்பாமல் உருட்டிக்கொண்டே நிற்கும். கண்டக்டர் பின் படியில் தொங்கிக்கொண்டு பின்னால் ரோட்டைப் பார்ப்பார். ஏறுகிறவர் இருக்கிறாரா என்று பார்ப்பதாக நினைப்போம், அவர் பார்ப்பது பின்னாடி வண்டியை. அதன் ஹாரன் காதில் விழுந்ததும் விசில். அதுவரை ஆமையாக நகர்ந்த பஸ் அதற்கப்புறம் பறக்கும். விலக்கில் மஞ்சப்பையும் மாத்திரைச் சீட்டுமாக ஆச்சி ஒருவர் கையை நீட்டுவார். முன்னாடி வண்டி நிற்காது, நின்றால் பின்னாடி வண்டி முந்திவிடும். பின்னாடி வண்டியும் நிற்காது, நின்றால் முன்னாடி வண்டியைப் பிடிக்க முடியாது. இரண்டிலும் உட்கார இடம் இருக்கும். ஆச்சி மட்டும் ரோட்டோரம் நிற்பார். அடுத்த பஸ் ஒன்பதே முக்காலுக்கு.

இதற்கு டிரைவரையும் கண்டக்டரையும் திட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. தனியார் வண்டிகளில் பெரும்பாலும் அன்றன்றைய கலெக்‌ஷனைப் பொறுத்துத்தான் பேட்டா என்கிற தினப்படி. கலெக்‌ஷன் குறைந்தால் ராத்திரி ஓனரிடம் பதில் சொல்ல வேண்டும். முன்னாடி வண்டி இரண்டு நிமிடம் லேட்டாக எடுத்தால் இவர் வீட்டுக்குப் போகிற காசு குறைகிறது. சம்பளத்தை இப்படி வைத்துவிட்டு, பஸ்ஸை நிதானமாக ஓட்டு என்று சொல்வது நியாயமில்லை. ஓனருக்கும் நெருக்கடி இருக்கிறது. 2018 ஜனவரியில், ஊர் விட்டு ஊர் போகிற சாதாரண மொபசல் பஸ் கட்டணத்தைக் கிலோமீட்டருக்கு 58 காசு என்று அரசு வைத்தது. அன்றைக்கு டீசல் லிட்டர் எழுபது ரூபாய்க்குள் இருந்தது, பிறகு தொண்ணூறைத் தாண்டிவிட்டது. டயர், இன்சூரன்ஸ், எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சான்று செலவெல்லாம் தனி. இந்தக் கணக்கில் அவர் கூட்டமுள்ள ரோட்டையும் கூட்டமுள்ள நேரத்தையும்தான் தேடுவார்.

சரி, அப்படியானால் இந்த நேரத்தையெல்லாம் யார் வைத்தது? பஸ் பெர்மிட்டில் ரூட் மட்டும் எழுதியிருப்பதில்லை. எத்தனை நடை (டிரிப்), எந்த இடத்தில் எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. புது வண்டி வரும்போதும் நேரம் மாற்றும்போதும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் டைமிங் கான்பரன்ஸ் நடக்கும். அதே ரோட்டில் ஓட்டுகிற மற்ற ஓனர்களையும் அரசுப் போக்குவரத்துக் கழகத்தையும் கூப்பிட்டு ஆட்சேபணை கேட்பார்கள். "என் வண்டிக்கு முன்னால் நாலு நிமிடத்தில் இவருக்கு நேரம் கொடுத்தால் எனக்கு நஷ்டம்" என்று ஒருவர் சொல்வார், இன்னொருவர் மறுப்பார், வாக்குவாதம் முற்றினால் கோர்ட்டுக்கும் போவார்கள். இவ்வளவும் நடக்கிற அறையில் பஸ்ஸில் ஏறுகிறவர் சார்பில் ஒரு ஆள் கிடையாது. பள்ளத்தூர் பெண்கள் கல்லூரி எத்தனை மணிக்கு விடுகிறது, அழகப்பா கல்லூரிப் பிள்ளைகள் எத்தனை மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் எத்தனை மணி வரை ஓ.பி. சீட்டு போடுகிறார்கள் என்று அங்கே யார் பேசுவது? என் மனத்தாங்கல் முழுக்க இந்த இடத்தில்தான்.

பெரியவர்கள் அந்தக் காலத்து டி.வி.எஸ். பஸ்ஸைப் பற்றிப் பேசுவார்கள். மதுரை, ராமநாதபுரம் பக்கமெல்லாம் அந்த பஸ் வந்தால் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்களாம். சுந்தரம் ஐயங்கார் 1912 வாக்கில் தொடங்கிய தொழில் அது. 1972இல் அரசுடைமை வந்து மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. பிற்பாடு காரைக்குடியைத் தலைமையிடமாக வைத்து மருதுபாண்டியர் போக்குவரத்துக் கழகம் வந்தது. நாற்பது வயதைத் தாண்டிய யாருக்கும் அந்தப் பெயர் எழுதிய பஸ் கண்ணுக்குள் நிற்கும். 1997இல் தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்துவிட்டு, எல்லாக் கழகத்துக்கும் ஒரே பெயர் வைத்தார்கள். இன்றைக்குக் காரைக்குடி என்பது கும்பகோணம் கோட்டத்தில் ஒரு மண்டலம். டிப்போவில் போய் "மத்தியானம் ஒரு நடை விடுங்க சார்" என்று கேட்டால், மேலே எழுதிப் போட வேண்டும் என்கிறார்கள். மேலே என்றால் கும்பகோணம். எங்கள் ஊர் மத்தியான நடையை முடிவு செய்யக் கும்பகோணம் வரை காகிதம் போக வேண்டும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதில் மாவட்ட எல்லை வேறு. செட்டிநாடு என்பது ஒரே நாடாக இருந்தாலும் பெரும்பகுதி சிவகங்கை மாவட்டம், மீதி புதுக்கோட்டை மாவட்டம். பொன்னமராவதியும் ராயவரமும் அந்தப் பக்கம், திருப்பத்தூரும் கானாடுகாத்தானும் இந்தப் பக்கம். எல்லையைத் தாண்டி ஒரு பஸ் ஓட வேண்டுமானால் அந்த மாவட்டத்து அதிகாரியும் பெர்மிட்டில் கையெழுத்திட வேண்டும். பெண் கொடுத்து பெண் எடுத்து, கோயிலுக்குக் குடும்பக் கணக்கில் புள்ளி வரி கட்டி ஒன்றாக இருக்கிற ஊர்களுக்கு நடுவே நேர் பஸ் இல்லாமல் இரண்டு இடத்தில் மாறிப் போகிறோம்.

அடுத்து மகளிர் கட்டணமில்லாப் பயணம். 2021 மே மாதம் வந்த நாளிலிருந்து நான் அதை மனதார ஆதரிக்கிறேன். காரைக்குடிக் கடைகளில் வேலை பார்க்கிற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு இருபது ரூபாய் மிச்சமானால் மாதம் ஐந்நூறு ரூபாய். அது கேஸ் சிலிண்டர் வாங்க உதவுகிற பணம். ஆனால் அதனால் ரோட்டில் என்ன மாறியது என்பதையும் பார்க்க வேண்டும். சலுகை அரசு டவுன் பஸ்ஸில் மட்டும்தான். பெண்கள் தனியார் பஸ்ஸையும் மொபசல் பஸ்ஸையும் விட்டுவிட்டு இந்தச் சலுகை உள்ள பிங்க் பஸ்ஸுக்காக நிற்கிறார்கள். அது வரும்போது கால் வைக்க இடமிருக்காது, முன்னால் போன தனியார் பஸ் பாதி காலியாகப் போயிருக்கும். கட்டுப்படி ஆகாத ஓனர் முதலில் கை வைப்பது மத்தியான நடையில். பதினொன்றரைக்கு வந்த வண்டி "ரிப்பேர்" என்று ஒரு வாரம் வராது, அப்புறம் வராமலே போய்விடும். பெர்மிட்டில் உள்ள நடையை ஓட்டாமல் விடுவது விதிமீறல்தான், யார் போய்க் கேட்பது? கடைசியில் பிங்க் பஸ்ஸும் இல்லாத அந்த நேரத்தில் காசு கொடுத்துப் போகத் தயாராக இருக்கிறவருக்கும் பஸ் இல்லை. ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய்.

அரசு டவுன் பஸ் ஓடாத ரோட்டிலும் ஓடாத நேரத்திலும் தனியார் பஸ்ஸில் ஏறுகிற பெண்களுக்கான கட்டணத்தை அரசு ஓனருக்குக் கொடுக்கலாம். போக்குவரத்துக் கழகத்துக்கு அதைக் கொடுக்கத்தானே செய்கிறார்கள். தனியாருக்கு எதற்கு மக்கள் பணம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சொன்ன நேரத்துக்கு வந்து சொன்ன நடையை ஓட்டிய வண்டிக்கு மட்டும் கொடுங்கள் என்பேன். டிக்கெட் மெஷினும் ஜி.பி.எஸ்ஸும் இருக்கிற காலத்தில் இதைச் சரிபார்ப்பது பெரிய வேலை இல்லை. அப்படிச் செய்தால் மத்தியான நடையை விடாமல் ஓட்டுகிறவருக்குத்தான் லாபம் என்றாகும். போட்டி அந்தப் பக்கம் திரும்பட்டும்.

நைட் ஹால்ட் வண்டி பற்றித் தனியாக எழுத வேண்டும். முன்பெல்லாம் கடைசி பஸ் ஒன்பதரைக்கு ஊருக்குள் வந்து அங்கேயே தங்கும். டிரைவரும் கண்டக்டரும் பள்ளிக்கூடத்துத் திண்ணையிலோ பஸ்ஸுக்குள்ளேயோ படுப்பார்கள். யாராவது ஒரு வீட்டிலிருந்து சுடுதண்ணீர் போகும், கார்த்திகை மார்கழியில் போர்வையும் போகும். விடிகாலை ஐந்தரைக்கு அதே வண்டி எடுக்கும். கீரைக்கட்டும் பால் கேனும் பூக்கூடையும் அதில்தான் டவுனுக்குப் போனது. ராத்திரி கடை அடைத்துவிட்டு வருகிற பெண்களுக்கு, அந்த பஸ் ஊருக்குள் வரை வரும் என்ற தைரியம் இருந்தது. அந்த ஒரு வண்டியை எடுத்ததில் ஊருக்கு முதல் பஸ்ஸும் போனது, கடைசி பஸ்ஸும் போனது. அதற்கப்புறம் எங்கள் தெருவில் இரண்டு பெண்கள் வேலையை விட்டுவிட்டார்கள். விலக்கில் இறங்கி இருட்டில் இரண்டு கிலோமீட்டர், கருவேலங்காட்டுக்கு நடுவே யார் நடப்பது?

மினி பஸ் இதற்காகத்தான் வந்தது. 1997இல் கலைஞர் ஆட்சியில் தொடங்கியபோது பஸ்ஸே பார்க்காத கிராமங்களுக்குள் வண்டி போனது. போகப் போக பலர் உள் ஊர் நடையைக் குறைத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தார்கள், அங்கே ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தவர்களோடு இவர்களும் சேர்ந்தார்கள். 2025இல் புதிய மினி பஸ் திட்டம் வந்திருக்கிறது. மொத்தம் 25 கிலோமீட்டர் வரை ஓட்டலாம், அதில் குறைந்தது 65 சதவீதம் இதுவரை பஸ் போகாத பாதையாக இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. ஆனால் அந்த 65 சதவீதத்தில் நாள்தோறும் வண்டி ஓடுகிறதா என்று பார்க்க ஊரில்தான் ஆள் வேண்டும்.

காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. அரசு, தனியார், மினி மூன்றின் நேரத்தையும் ஒரே பலகையில் எழுதி பஸ் ஸ்டாண்டிலும் ஒவ்வொரு விலக்கிலும் வைக்கச் சொல்லுங்கள் என்பது என் முதல் கோரிக்கை. பலகை இருந்தால்தான் வராத பஸ்ஸை வரவில்லை என்று சொல்ல முடியும். டைமிங் கான்பரன்ஸில் அந்தந்த ரோட்டு ஊராட்சி சார்பாகவும் கல்லூரி சார்பாகவும் ஒருவரைக் கூப்பிட வேண்டும். நைட் ஹால்ட் வண்டியைத் திரும்ப விட வேண்டும்.

அடுத்த கிராமசபையில் எங்கள் ஊரில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறோம். அப்புறம் ஒரு திங்கட்கிழமை சிவகங்கை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கிறோம். புதுவயல், கண்டனூர், ஆத்தங்குடி, நாச்சியாபுரம், கண்டரமாணிக்கம் பக்கத்து நண்பர்கள் உங்கள் ஊருக்கு முதல் பஸ் எப்போது, கடைசி பஸ் எப்போது, நின்றுபோன நடை எது என்று கீழே எழுதுங்கள். ரூட்டும் நேரமும் தெளிவாக இருந்தால் போதும், கம்பெனி பெயர் வேண்டாம். எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுக்கலாம்.