எழுதிக் குடுக்க என்னய்யா பயம்?

காட்டுல நாங்க வெள்ளாமை பண்ற நெலத்துக்கு உரிமை கேட்டு எங்க பழங்குடி ஊருல இருந்து போட்ட மனு மறுபடியும் ரிஜெக்ட். ஏன்னு பேப்பர்ல எழுதிக் குடுங்கன்னு கேட்டா அதிகாரிங்க குடுக்க மாட்டேங்கறாங்க, சாட்டிலைட் படத்துல அங்க வெள்ளாமையே தெரியலன்னு வாய்ல சொல்லி அனுப்பிட்டாங்க. கொத்துக்காடுங்க அது! மரத்த வெட்டாம நடுநடுவுல ராகி, அவரை வெதச்சு, ரெண்டு மூணு வருஷம் கழிச்சு மண்ணு ஆறட்டும்னு சும்மா விடுவாங்க. மேல இருந்து போட்டோ எடுத்தா மரந்தான் தெரியும். மரத்தக் காப்பாத்துனதுக்கா இந்த தண்டனை?

2006 வன உரிமைச் சட்டத்த படிச்சுப் பாருங்க, பழங்குடிகளுக்கு வரலாற்று அநீதி நடந்திருக்குன்னு முகவுரையிலயே ஒத்துக்கிட்டு கொண்டுவந்த சட்டம் அது. ஊர்ப் பெரியவங்க வாக்குமூலம், பழைய சுடுகாடு, கிணறு, சாமி இருக்கற எடம் எல்லாம் ஆதாரம்னு அதோட விதியிலயே இருக்கு, சாட்டிலைட் படம் கூடுதல் ஆதாரம்தான், மத்த ஆதாரத்துக்கு பதிலா அத வச்சுக்க முடியாதுன்னு 2012 திருத்தமும் சொல்லுது. இந்த தமிழ்நாட்டுல 2008ல வந்த ஹைகோர்ட் இடைக்கால உத்தரவால பட்டா குடுக்கறதே முடங்கி, 2016ல சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயித்தான் அது விலகுச்சு. அதுக்குள்ள வாக்குமூலம் குடுக்க வேண்டிய பெருசுங்க எத்தன பேரு மண்ணுக்குள்ள போயிட்டாங்க, அதுக்கு யாரு பதில் சொல்லுவா?

நெலத்துக்குத்தான் இப்படின்னா காட்டுக்குள்ள போயிட்டு வர்றதும் இதே கததான். சீமாறு புல்லு, நெல்லிக்கா, கடுக்கா, தேனு எல்லாம் சிறு வனமகசூல், எடுக்கறதுக்கும் விக்கறதுக்கும் எங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா பொம்பளைங்க புல்லுக்கட்டோட வந்தா செக்போஸ்ட்ல எறக்கி வச்சு திருடன விசாரிக்கற மாதிரி விசாரிக்கறாங்க, அதே ரோட்டுல ரிசார்ட்டுக்கு வர்ற காருக்கு கேட்டு தொறக்குது. காடு பூரா உண்ணிச்செடி மண்டி யானைக்கும் மாட்டுக்கும் புல்லே இல்லாமப் போச்சு (அத கொண்டுவந்து அழகுக்கு வச்சது வெள்ளக்காரன், நாங்க இல்ல), அதுல கைவைக்காம எங்க ஆடு மாடுதான் காட்ட அழிக்குதுன்னு பேசறாங்க.

எனக்கு வயிறு எரியறது இதுக்குத்தான்: மனு தள்ளுபடின்னா அறுபது நாளுக்குள்ள அப்பீல் பண்ணலாம், காரணத்த எழுத்துல தெரியப்படுத்தணும்னு விதி. அந்தப் பேப்பர் இல்லாம எதுக்கு எதிரா அப்பீல் எழுதறது? கிராம சபை கூடி, எல்லைய நடந்து பாத்து, தீர்மானம் போட்டு அனுப்புனத ஒரு வார்த்தையில தூக்கிப் போட்டிருக்காங்க. அந்த வார்த்தைய தேதி போட்டு, கையெழுத்து போட்டு, சீல் வச்சு குடுங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்.